விசைத் தெளிப்பானுக்கு ஆயில் கலப்பது எப்படி?

காரியாபட்டி வட்டாரத்துக் கரிசல் காடுகளில் புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கப்படுகின்றன. பயிர் எழுந்து குருத்து விரியும் நாட்களில் புழு தென்பட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் மருந்து அடித்தாக வேண்டும். 2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து, அந்த ஆண்டிலேயே தமிழகத்து மக்காச்சோளத்தையும் தாக்கிய பிறகு இந்த அவசரம் இன்னும் கூடிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு காலையில், தோளில் மாட்டிய விசைத் தெளிப்பான் பத்து நிமிடம் ஓடி, முனகி, நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் வருவதில்லை. உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருக்கும். மெக்கானிக் கடையில் அதைப் பிரித்து, புது பிஸ்டனும் சிலிண்டரும் போட்டு வாங்குவதற்குள் புழு குருத்துக்குள் போய்விடுகிறது.

இப்படி நின்ற என்ஜின்களைப் பிரித்துப் பார்த்தால் பழுது பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை; பெட்ரோல் கேனில்தான் இருக்கிறது. ஆயில் கலக்காத பெட்ரோல், குறைவாகக் கலந்த பெட்ரோல், தகாத ஆயில் கலந்த பெட்ரோல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஆயில் ஏன் பெட்ரோலோடு போகிறது?

டிராக்டர், டீசல் பம்புசெட் போன்றவற்றின் என்ஜினில் அடியில் ஆயில் தேங்கி நிற்க ஒரு தொட்டி உண்டு. அந்த ஆயில் சுற்றிச் சுற்றி வந்து பாகங்களை நனைக்கும். முதுகில் மாட்டும் விசைத் தெளிப்பான், பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது டூ ஸ்ட்ரோக் என்ஜின், அதாவது இரு வீச்சு என்ஜின். இதில் கிராங்க் இருக்கும் அறையே காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி மேலே தள்ளும் பம்பாக வேலை செய்கிறது. 1889-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர் வகுத்த அமைப்பு இது. வால்வு இல்லை, பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. அதனால்தான் மனிதன் முதுகில் சுமக்க முடிகிறது.

ஆனால் பெட்ரோல் புகுந்து போகும் அறையில் ஆயிலைத் தேக்கி வைக்க வழியில்லை. எனவே பெட்ரோலுடன் கலந்து அனுப்பப்படும் ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் வளையங்கள் அனைத்தையும் நனைத்துவிட்டு, மேலே சென்று எரிந்து, புகைக் குழாய் வழியே வெளியேறுகிறது. ஒருமுறை போன ஆயில் திரும்பி வராது. ஆகவே டாங்கில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரிலும் ஆயில் இருந்தாக வேண்டும். போன வாரம் கலந்தது இந்த வாரத்துக்கு உதவாது.

முந்தைய தலைமுறைக்கு இது பழகிய செய்தி. 1980-ல் ஓசூரில் தயாராகி வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டை ஓட்டியவர்கள் பங்கில் பெட்ரோல் போடும்போதே ஆயிலையும் அளந்து ஊற்றச் சொல்லிப் பழகியவர்கள். 2015-ல் அதே கம்பெனியின் எக்ஸ்.எல். 100 வண்டி நான்கு வீச்சு என்ஜினுடன் வந்துவிட்டது. இன்று புதிதாக விற்கும் இரு சக்கர வண்டிகளுக்குப் பெட்ரோலில் ஆயில் தேவையில்லை. வண்டிக்கு வெறும் பெட்ரோல் போட்டே வளர்ந்த இளைஞர்கள் தெளிப்பானுக்கும் அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். தவறு அவர்கள் மேல் மட்டும் இல்லை. விற்கும்போது சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்வதில்லை.

முதலில் என்ஜினைத் தெரிந்துகொள்க

எல்லாத் தெளிப்பானும் டூ ஸ்ட்ரோக் அல்ல. இப்போது நான்கு வீச்சு என்ஜின் பொருத்திய தெளிப்பான்களும் பிரஷ் கட்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. பவர் வீடர் என்னும் களையெடுக்கும் கருவி பெரும்பாலும் நான்கு வீச்சுதான். என்ஜினின் அடிப்பக்கத்தில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால், அதிலும் அளவுக் குச்சி பொருத்திய மூடியானால், அது நான்கு வீச்சு. அதற்கு டாங்கில் வெறும் பெட்ரோல், அடியில் தனி ஆயில். அப்படி ஒரு மூடி இல்லாமல் பெட்ரோல் மூடி மட்டும் இருந்தால் கலவை பெட்ரோல்தான். பல கருவிகளில் டாங்கின் மூடி மீதே பெட்ரோல் பம்பு படத்துடன் கலவை விகிதமும் பொறித்திருக்கும். வாடகைக்கோ இரவலுக்கோ கருவி வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் பெட்ரோல் ஊற்றக்கூடாது.

எந்த ஆயில்?

டிராக்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போடும் 20-டபிள்யூ-40 போன்ற என்ஜின் ஆயில் வீட்டில் மீதி இருக்கும். அதை ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பலர். கூடாது. அந்த ஆயில் தொட்டியில் கிடந்து உழைப்பதற்காகச் செய்யப்பட்டது. எரிந்து போவதற்காக அல்ல. அதில் சேர்த்துள்ள உலோக உப்புகள் எரிந்தபின் சாம்பலாகப் பிஸ்டன் தலையிலும் ஸ்பார்க் பிளக்கிலும் படியும். பெட்ரோலோடு எளிதில் கலக்கவும் செய்யாது. ஆயில் மாற்றும்போது வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது தேய்ந்த இரும்புத் தூளையும் சேர்த்து ஊற்றுவதாகும்.

வாங்க வேண்டியது 2-டி ஆயில் என்று அச்சிட்ட பாக்கெட் அல்லது டப்பா. இதிலும் தரம் உண்டு. ஜப்பானியர் 1994-ல் வகுத்த ஜாஸோ என்னும் தரமுறையில் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்ற எழுத்துக்கள் டப்பாவின் பின்புறம் அச்சாகியிருக்கும். எஃப்.பி. சாதாரணம். எஃப்.சி. புகை குறைந்தது. எஃப்.டி. புகை குறைவதோடு, சூட்டிலும் பிஸ்டனைக் கரி பிடிக்காமல் வைப்பது. காலை முதல் மாலை வரை முழு வேகத்தில் ஓடும் தெளிப்பானுக்கு எஃப்.டி. கிடைத்தால் மிக நல்லது, எஃப்.சி. போதுமானது. எந்த எழுத்தும் இல்லாத, சில்லறையாக அளந்து விற்கும் ஆயிலை விலை குறைவு என்று வாங்குவது வீண்.

இன்னொரு எச்சரிக்கை. தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் உறவுமுறை உள்ளவர்கள் படகு மோட்டாருக்கான டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. டி.சி. டபிள்யூ-3 என்று அதில் போட்டிருக்கும். அது கடல் நீரால் குளிர்விக்கப்படும் என்ஜினுக்கானது. காற்றினால் மட்டும் குளிரும் தெளிப்பானின் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. ஆயில் நல்லதுதான், இடம்தான் வேறு.

ஆயிலில் நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் சேர்த்திருப்பார்கள். கலந்த பெட்ரோலையும் கலக்காத பெட்ரோலையும் கண்ணால் பிரித்தறிய அது உதவும். சாயத்தின் நிறத்துக்கும் ஆயிலின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

அளவில்தான் குழப்பம்

கருவியுடன் வரும் குறிப்புப் புத்தகத்தில் 25:1 என்றோ 50:1 என்றோ இருக்கும். 25:1 என்றால் 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. இதை லிட்டருக்கு 25 மி.லி. என்று எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 25 மி.லி. ஊற்றினால் அது 40:1 ஆகிவிடுகிறது. ஆயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். அதேபோல் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 50 மி.லி. அல்ல. 30:1 என்றால் லிட்டருக்குச் சுமார் 33 மி.லி. கணக்கு எளிது: 1000-ஐ முதல் எண்ணால் வகுத்தால் லிட்டருக்கு வேண்டிய மி.லி. வந்துவிடும். இந்த எண்ணைக் கேன் மீது பெயிண்டால் எழுதி வைத்துக்கொண்டால் கூலிக்கு வருகிறவரும் பிழையின்றிக் கலப்பார்.

புத்தகம் தொலைந்துவிட்டால்? சாதாரண 2-டி ஆயிலானால் லிட்டருக்கு 40 மி.லி. என்று வைத்துக்கொள்வது பத்திரம். 50:1 என்பது நல்ல தர ஆயிலுக்கும், அதற்கென்று செய்த என்ஜினுக்கும் உரிய அளவு. அந்த அளவில் மட்டமான ஆயிலைக் கலந்தால் என்ஜின் தாங்காது. புது என்ஜினுக்கு முதல் சில மணி நேரம் சற்றுக் கூடுதலாக ஆயில் சேர்க்கும்படி சில கம்பெனிகள் குறிப்பிடுகின்றன. புத்தகத்தில் உள்ளபடி செய்ய வேண்டும்.

கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லதுதானே என்று நினைப்பதும் சரியல்ல. ஆயில் மிகுந்தால் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைந்து உள்ளே போகிறது. புகை கக்கும், பிளக் நனைந்து கரியாகும், புகைக் குழாயின் வாய் அடைபடும், பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் இரண்டில் எது பெரிய தவறு என்றால் குறைவாக ஊற்றுவதுதான். கரியைச் சுரண்டிவிடலாம். கீறல் விழுந்த சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

பெட்ரோலை ரூபாய்க் கணக்கில் வாங்குவதும் அளவைக் கெடுக்கிறது. நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று வாங்கினால் கேனில் இருப்பது எத்தனை லிட்டர் என்று தெரியாது. பங்கில் இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25:1 ஆனால் 200 மி.லி., 50:1 ஆனால் 100 மி.லி. ஆயிலை மூடிக் கணக்கில் ஊற்றாமல், கோடு போட்ட அளவுக் குவளையிலோ ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சிலோ எடுப்பது நல்லது. பூச்சிமருந்து அளக்கும் மூடியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் ஒட்டிய மருந்தும் நீரும் கார்புரேட்டரைக் கெடுக்கும். ஆயில் ஒட்டிய மூடி பிறகு மருந்துக்குப் போகும்.

கலக்கும் முறை

கருவியின் டாங்கிலேயே பெட்ரோலையும் ஆயிலையும் தனித்தனியே ஊற்றிக் குலுக்குவது பலருடைய வழக்கம். ஆயில் கனமானது, அடியில் இறங்கி நிற்கும். முதலில் வெறும் ஆயில் குழாயை அடைக்கும், பிறகு ஆயில் குறைந்த பெட்ரோல் போகும். தனிக் கேனில்தான் கலக்க வேண்டும். பாதிப் பெட்ரோலை ஊற்றி, முழு ஆயிலையும் சேர்த்து, மூடி, நன்கு குலுக்க வேண்டும். பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடியும் குலுக்க வேண்டும். ஒவ்வொரு முறை டாங்கை நிரப்பும் முன்னும் கேனை ஒருமுறை குலுக்கி, மெல்லிய வலை வைத்த புனல் வழியாக ஊற்றுவது அவசியம்.

சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றக்கூடாது. ஐந்து பத்து நிமிடம் ஆற விட்டு ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, நிரப்பிய இடத்திலிருந்து நாலடி தள்ளிச் சென்று ஸ்டார்ட் செய்ய வேண்டும். பீடி, தீப்பெட்டி பக்கத்தில் கூடாது. பட்டாசுத் தொழில் நடக்கும் மாவட்டத்தில் நெருப்பின் குணத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோல் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பெட்ரோல் அல்ல. கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் எத்தனால் 2022-ல் சராசரி 10 சதவீதமாகவும், 2025-ல் ஏறத்தாழ 20 சதவீதமாகவும் பெட்ரோலில் கலக்கப்பட்டுவிட்டது. எத்தனாலுக்கு நீரை இழுக்கும் குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி தளர்ந்த கேனில் ஈரமோ மழைத் துளியோ சேர்ந்துகொண்டே போனால், ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் நீரும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். ஆயிலோ மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் என்ஜினுக்கு அப்போது போவது ஆயில் இல்லாத நீர்க் கலவை. ஆயிலைச் சரியாக அளந்து கலந்தவருடைய என்ஜினும் இப்படிப் பிடித்துக்கொள்ளக் கூடும்.

சந்தேகம் இருந்தால் கலவையில் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கலாம். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அந்தக் கலவையைக் குலுக்கிப் பயனில்லை. அதை என்ஜினில் ஊற்றவே கூடாது. ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் கலப்பதும், இறுக்கமான மூடியுள்ள கேனில் நிழலில் வைப்பதும் இதைத் தவிர்க்கும். பழைய கருவிகளில் பெட்ரோல் ரப்பர் குழாயும் கார்புரேட்டரின் ரப்பர் தகடும் எத்தனாலால் ஊறிப்போகவோ வெடிக்கவோ கூடும். பருவம் தொடங்கும் முன் அவற்றைப் பார்த்து மாற்றிவிட வேண்டும். குழாய் வெடிப்பு வழியே காற்று புகுந்தாலும் என்ஜின் மிகையாகச் சூடேறும்.

பிளக் சொல்லும் சேதி

ஒரு நாள் வேலை முடிந்து என்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கலவையின் நிலை தெரிந்துவிடும். முனை காப்பித் தூள் நிறத்தில் காய்ந்திருந்தால் சரி. கறுத்து, எண்ணெய் வழிந்தால் ஆயில் அதிகம், அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் சூடு மிகை. உடனே காரணம் தேட வேண்டும். கரிசல் புழுதியும் பருத்திப் பஞ்சும் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையே அடைந்தாலும் இதே விளைவுதான். ஆயில் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாமல், தகடுகளைப் பிரஷ்ஷால் தட்டி, ஏர் பில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மாறி, வேகம் தானாகக் குறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு வரிசைதானே என்று விசையைக் கூட்டினால் பிஸ்டன் போய்விடும்.

மருந்தடிப்பு முடிந்து கருவியை எடுத்து வைக்கும்போது டாங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கார்புரேட்டரில் மிச்சமிருந்தால் பிசினாக இறுகிவிடும். என்ஜின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி 2-டி ஆயிலை விட்டு, கயிற்றை மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி, சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும்.