ஆசிட் பாட்டிலைக் கீழே வைடி

முதல்ல கையில இருக்கற அந்த ஆசிட் பாட்டிலைக் கீழே வைடி. சிங்க்ல தண்ணி நின்னுட்டா உடனே ஆசிட், இல்லேன்னா அடைப்பு எடுக்கற பவுடர்னு ஓடறதே எல்லாருக்கும் வழக்கமாப் போச்சு. அந்தப் பவுடர்ல பெரும்பாலும் இருக்கறது காஸ்டிக் சோடா. தண்ணி பட்டதும் சூடேறிப் பொங்கும். அடைப்பு கரைஞ்சா சரி. கரையலேன்னா அந்தக் காரத் தண்ணி குழாய்க்குள்ளயே நிக்கும், அதுக்கப்புறம் பிளஞ்சரை, அதான் கைப்பிடி மாட்டின ரப்பர் கப்பை, வெச்சு அழுத்தினா கண்ணுலயும் கையிலயும் தெறிக்கும். அதனால பிளஞ்சர்தான் முதல் வைத்தியம். ஏற்கெனவே எதையாவது ஊத்தித் தொலைச்சிருந்தா பிளஞ்சரைத் தொடாதே. வர்ற பிளம்பர்கிட்டயும் இன்னது ஊத்தியிருக்குன்னு சொல்லிடு, பாவம் அவர் வெறும் கையை விடுவார். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணு மேல ஒண்ணு கொட்டவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல மூச்சு முட்டிடும். ரீல்ஸ்ல காட்டற சமையல் சோடா, வினிகர் கூட்டணி ஆபத்தில்லாதது, பார்க்கவும் நல்லா நுரைக்கும். நுரை அடங்கினா அடைப்பு அங்கேயேதான் உக்காந்திருக்கும்.

பிளஞ்சர் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சிங்க் ஜாலியோட அகலத்தை ஸ்கேல் வெச்சு அளந்துக்கோ. ரப்பர் அந்த ஜாலியை முழுசா மூடி, சுத்தி ஒரு விரல் அகலமாவது மிச்சம் இருக்கணும். நம்ம ஸ்டீல் சிங்க்ல வாய் பெருசு. சின்ன பிளஞ்சரை வாங்கிட்டு வந்தா ஓரத்துல காத்து போயிட்டே இருக்கும், உனக்குத் தோள்வலிதான் மிச்சம். சிங்குக்கும் பாத்ரூம் தரைக்கும் அடிவிளிம்பு தட்டையா இருக்கற சாதா ரப்பர் கப் போதும். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு வேற. அதுல கப்புக்குள்ள இருந்து இன்னொரு ரப்பர் மடிப்பு மூக்கு மாதிரி கீழ நீட்டிட்டு இருக்கும். அந்த மூக்கு ஓட்டைக்குள்ள போய் உக்காந்தாத்தான் பிடி கிடைக்கும். கடையிலயே கட்டைவிரலால அழுத்திப் பாரு. ரப்பர் வளைஞ்சு கொடுத்து உடனே பழையபடி வரணும். விறைப்பான பிளாஸ்டிக்கா இருந்தா வேண்டாம். காத்தடிச்சுத் தள்ளற பெரிய பம்பும் விக்கறாங்க, வாடகை வீட்டு இளிச்சவாய் ஹோசுக்கு அதெல்லாம் தாங்காது.

அந்த ஹோஸ் விஷயத்தை நல்லாக் கேட்டுக்கோ. சிங்க் கதவைத் திறந்து கீழே குனிஞ்சு பாரு. மடிப்பு மடிப்பா ஒரு வேஸ்ட் பைப் தொங்கும். அதோட மேல்முனை கப்ளிங்ல திருகியிருக்கும், கீழ்முனையைப் பல வீடுகள்ல சும்மா சுவத்துக் குழாய்க்குள்ள சொருகித்தான் விட்டிருப்பாங்க. மேல நீ அழுத்த, கீழ அது கழண்டுக்கிட்டு, அரிசி மூட்டை வரைக்கும் சாக்கடைத் தண்ணி போயிடும். திருகை இறுக்கிட்டு, சொருகின முனையை நல்லா உள்ள தள்ளிட்டு, அடியில ஒரு பக்கெட்டும் வெச்சுட்டு ஆரம்பி.

ஜாலிக்கு மேல கிடக்கற சோத்துப் பருக்கை, கறிவேப்பிலை எல்லாத்தையும் கையால அள்ளிக் குப்பையில போடு. அப்புறம் தண்ணி. ரப்பர் மூழ்கற அளவுக்கு நிக்கணும். நின்ன தண்ணியை முதல்ல மொண்டு ஊத்திட்டு, காய்ஞ்ச சிங்க்ல பிளஞ்சரைப் போட்டுக் குத்தறவங்க நிறைய பேர். அது வீண் வேலை. காத்து அழுத்தினா சுருங்கிக்கும், தண்ணி சுருங்காது. உன் கை பலம் அடைப்பு வரைக்கும் போய்ச் சேரணும்னா நடுவுல தண்ணிதான் இருக்கணும். பிளஞ்சரைச் சாய்ச்சு இறக்கு, உள்ள இருக்கற காத்து குமிழி விட்டு வெளியேறட்டும், அப்புறம் நேரா நிமித்து. முதல் அழுத்தம் மெதுவா. அதுக்கப்புறம் ரப்பர் ஓரம் கிளம்பாம, பதினஞ்சு இருபது தடவை வேகமா மேலயும் கீழயும்.

எல்லாரும் கீழ அழுத்தறதுதான் வேலைன்னு நினைச்சுக்கறாங்க. மேல இழுக்கறதுலதான் பாதிக்கு மேல விஷயம் இருக்கு. வெறுமனே அழுத்தினா தேங்காய்த் துருவலும் டீத்தூளும் வளைவுல இன்னும் இறுகிக்கும். இழுக்கும்போதுதான் அது தளரும். முன்னும் பின்னும் அசைஞ்சு அசைஞ்சு உடையும். கடைசித் தடவை மட்டும் வெடுக்குன்னு பிடுங்கி எடு. 'கொடகொட'ன்னு சத்தம் கேட்டா தண்ணி இறங்கிடுச்சு. இல்லேன்னா திரும்பத் தண்ணி பிடிச்சு இன்னும் ரெண்டு மூணு சுத்து. மேல வந்த கசடை அள்ளி வெளிய போடு, சோம்பேறித்தனப்பட்டு மறுபடி உள்ள தள்ளாதே. முடிச்சதும் கை பொறுக்கற சூட்டுல ஒரு பக்கெட் தண்ணி ஊத்து. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடிக்கற பழக்கத்தையும் விடு, பிவிசி பைப் இளகிப் போயிடும். கிரைண்டர் கழுவின மாவுத் தண்ணியும் அடியில போய்ப் படிஞ்சு கெட்டியாகற சாமான்தான். பால்கனிச் செடிக்கு ஊத்திடு.

ரெட்டை சிங்க்னா இன்னொரு ஓட்டையில ஈரத்துணியைத் திணிச்சு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அமுக்கிப் பிடிக்கச் சொல்லு. வாஷ்பேசின்ல மேல் விளிம்புக்குக் கீழ ஒரு குட்டி ஓட்டை இருக்கும் பாரு, அதையும் துணியால அடைக்கணும், இல்லேன்னா நீ கொடுக்கற அழுத்தமெல்லாம் அந்த வழியா போயிடும். மூக்குத்தியோ கம்மலோ விழுந்துட்டா மட்டும் பிளஞ்சர் பக்கமே போகாதே. குழாயை மூடு, கீழ பக்கெட் வை, கிண்ணம் மாதிரி தொங்கற பாட்டில் டிராப்பைக் கையால திருகிக் கழட்டு. பெரும்பாலும் அதுலதான் கிடக்கும்.

பாத்ரூம் தரையில இருக்கற நானி டிராப்புக்கு முடிதான் எதிரி. அதுலயும் எண்ணெய்க் குளியல் அன்னிக்கு எண்ணெய், சீயக்காய்த் தூள், முடி மூணும் சேர்ந்து கெட்டியா ஒரு உருண்டையாயிடும். ஜாலியைக் கழட்டி, கையுறை போட்டு அந்த உருண்டையை எடுத்தாலே பல தடவை வேலை முடிஞ்சது. முடியலேன்னா சுத்தி ஈரத்துணியால வரப்பு கட்டி, தண்ணியைத் தேக்கி, பிளஞ்சர் போடு. பேசின் பைப்பும் வாஷிங் மெஷின் பைப்பும் அதே டிராப்லதான் வந்து சேருதான்னு பார்த்து, அந்த வாயையும் அடைச்சுக்கோ.

டாய்லெட்ல தண்ணி ஏறி நின்னா இன்னொரு தடவை ஃபிளஷ் பண்ணாதே, வழிஞ்சிடும். மூக்கு வெச்ச பிளஞ்சரை ஓட்டையில உக்கார வெச்சு அதே மாதிரிதான் பண்ணணும், வேகம் மட்டும் கொஞ்சம் கம்மியா. உள்ள போனது நாப்கினோ டயப்பரோன்னா தள்ளவே தள்ளாதே, கம்பி விட்டு வெளிய இழுக்கணும், அதுக்கு ஆள் வரட்டும். சமையலறைக்கு ஒண்ணு, டாய்லெட்டுக்கு ஒண்ணு தனித்தனியா வாங்கி, டாய்லெட் பிளஞ்சர் கைப்பிடியில சிவப்பு டேப் சுத்தி வை. கழுவிக் காய வெச்சு நிழல்ல மாட்டு. வெயில்ல கிடந்தா ரப்பர் வெடிச்சிடும்.

சிங்க், பாத்ரூம், டாய்லெட் எல்லாத்துலயும் ஒரே நேரத்துல தண்ணி நின்னா அடைப்பு உன் வீட்டுக்குள்ள இல்லை. கீழ சேம்பர்லயோ தெருக் குழாய்லயோ இருக்கு. ஹவுஸ் ஓனருக்கு போன் போடு. சென்னையில தெருச் சாக்கடைன்னா மெட்ரோ வாட்டர் நம்பர் 1916. பாதாளச் சாக்கடைக்குள்ளயோ செப்டிக் டேங்க்குக்குள்ளயோ பாதுகாப்புக் கவசம் இல்லாம ஆளை இறக்கிச் சுத்தம் பண்றதை 2013 சட்டம் தடை பண்ணியிருக்கு, உள்ள இருக்கற விஷவாயு நொடியில ஆளை அடிச்சிடும். செலவு கம்மின்னு ஓனர் யாரையாவது கூட்டிட்டு வந்து மூடியைத் திறந்தா, லாரியும் மெஷினும் வரட்டும் சார்னு நீயே சொல்லிடு.