நடக்கும் மீனும் நெம்புகோலும்

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)



மீன் நீந்தும் என்பது குழந்தைக்கும் தெரியும். மீன் நடக்குமா? நடக்கும்! பார்க்க வெளிநாடு போக வேண்டாம். சிதம்பரத்தில் பிச்சாவரம் பஸ் ஏறினால் போதும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் சுரபுன்னைக் காடு இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் வேர்களுக்கு இடையே சேற்றைக் கவனியுங்கள். உச்சந்தலையில் துருத்திய கண்களோடு சின்னச் சின்ன மீன்கள் நடந்து திரியும். உளுவை இனத்தைச் சேர்ந்த இவற்றை ஆங்கிலத்தில் 'மட்ஸ்கிப்பர்' என்பார்கள்.

எப்படி நடக்கின்றன? இவற்றின் மார்புத் துடுப்பில் தோள் ஒன்று, முழங்கை போல இன்னொன்று என இரண்டு மூட்டுகள். இரண்டு துடுப்பையும் ஒரே சமயத்தில் முன்னால் வீசிச் சேற்றில் ஊன்றும்; உடம்பைத் தூக்கி முன்னே தள்ளும். அடுத்த எட்டுக்குத் துடுப்பை எடுக்கும்போது வயிற்றுத் துடுப்புகள் எடையைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு ஊன்றுகோல் வைத்து நடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் படித்த நெம்புகோல் தத்துவமேதான்!

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா படகோட்டி. "தெனமும் பாக்குற மீனு, இதுல என்னடா பாடம்?" என்றார். "நீங்க துடுப்பால தண்ணிய பின்னால தள்ளுனா படகு முன்னால போகுதுல்ல, அதேதாம்ப்பா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடா இருந்து, ஊனுற எடமும் இளகிப் போனா வழுக்குமே, அப்ப என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

நண்பர்களே, ஏறக்குறைய இதே கேள்விக்குத்தான் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் விடை தேடினார்கள். இந்த மீனைப் பார்த்து, இரண்டு துடுப்பும் ஒரு வாலும் கொண்ட ரோபோ செய்தார்கள். சமதரையில் துடுப்பே போதும். இளகிய சரிவில் ஏற வாலும் சேர்ந்து உந்த வேண்டும் என்று கண்டார்கள். 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரிலிருந்து கரையேறிய முதல் முதுகெலும்பு உயிர்கள் எப்படி நகர்ந்திருக்கும் என்பதற்கும் இது ஒரு துப்பு.

இந்த மீன் கரையில் ஈரமான தோல் வழியாகவும் சுவாசிக்கிறது. முட்டையிடுவதும் சேற்று வளைக்குள்தான். அந்த ஈரச் சேறு போனால் மீனும் போச்சு. 'வெறும் சேறுதானே' என்று குப்பை கொட்டுவதும், மண்ணடித்துத் தூர்ப்பதும் ஒரு பாடப் புத்தகத்தையே கிழித்துப் போடுவது மாதிரி.

படிக்காத அப்பாவுக்கு வந்த கேள்வி, படிக்கிற நமக்கும் வர வேண்டாமா? அடுத்த லீவில் வாருங்கள், சேற்றோரம் நின்று சேர்ந்தே படிப்போம்!