எண்ணெய் வளம் இருந்தும் பெட்ரோல் விலை ஏன் ஏறியது?

கேள்வி: நைஜீரியாவில் எண்ணெய் கொட்டிக்கிடக்கிறது. பிறகு ஏன் பெட்ரோல் மானியத்தை நிறுத்தினார்கள்?

பதில்: கொட்டிக்கிடந்தது கச்சா எண்ணெய்தான். போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனாவில் இருந்த அரசு சுத்திகரிப்பு ஆலைகள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்ததால், கச்சாவை விற்றுவிட்டு பெட்ரோலை டாலர் கொடுத்து வாங்கினார்கள். வாங்கிய விலைக்கும் பங்க் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு சுமந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் வருமானம் கூடும். மானியச் செலவும் கூடவே ஏறி அதைத் தின்றுவிடும். 2022-ல் இதற்கே 4 லட்சம் கோடி நைராவுக்கு மேல் போனது. மலிவு பெட்ரோல் எல்லை தாண்டி பெனினுக்கும் கடத்தப்பட்டது.

2023 மே 29-ல் பதவியேற்பு உரையிலேயே அதிபர் போலா டினுபு மானியம் முடிந்தது என்றார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500-ஐத் தொட்டது. அடுத்த மாதமே நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். அதுவும் சரிய, இறக்குமதி பெட்ரோல் இன்னும் எகிறியது. அங்கே மின்சாரம் அடிக்கடி போகும். சின்னக் கடைக்காரர்கூட பெட்ரோல் ஜெனரேட்டரை நம்பித்தான் பிழைக்கிறார். பேருந்துக் கட்டணம் ஏறியதோடு அவர் பிழைப்பிலும் அடி விழுந்தது.

மானியத்தை நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால், ஏழைகளுக்கான உதவியை முதலில் கொண்டுசேர்த்திருக்க வேண்டும். 30,000 நைராவாக இருந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 70,000 ஆனது 2024 ஜூலையில்தான். அந்த ஓராண்டுக்கு மேலான இடைவெளியை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.