மாத்திரையை நிறுத்தலாமா?

மனச்சிதைவு ஒரு நோய். பேய் அல்ல, சாபமும் அல்ல. யாரும் பேசாதபோதும் நோயாளியின் காதில் குரல் கேட்கும். வீண் சந்தேகம் வரும்.

மாத்திரை சாப்பிட்டால் குரல் அடங்கும். நல்ல தூக்கம் வரும். உடனே சிலர், "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வருகிறது.

கை நடுங்கினாலும், உடல் பருத்தாலும் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். தினமும் சாப்பிட மறப்பவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

கஞ்சா நோயைக் கூட்டும். சாராயம் மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். குடித்த நாளில் மாத்திரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. அவர்களைத் திட்ட வேண்டாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடியை விடவும் சிகிச்சை உண்டு.

டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண்: 14416. இது 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது.

பதில் சொல்லுங்கள்:
1. குரல் அடங்கியதும் மாத்திரையை நிறுத்தலாமா?
2. கை நடுங்கினால் யாரிடம் சொல்ல வேண்டும்?