கதவு எங்கே இருக்கிறது?

மாணவியரே, பழைய காலத்து நாட்டு ஓட்டு வீடு ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. வெயிலுக்கு ஒதுங்கியவரும் விலாசம் கேட்க வந்தவரும் அங்கே சற்று அமரலாம். திண்ணையைக் கடந்தால் நிலைவாசல். அதைத் தாண்டுகிறவர் வீட்டாராகவோ வீட்டாருக்குத் தெரிந்தவராகவோ இருப்பார். பெட்டகம் உள்ள அறைக்கோ சாவி வேண்டும்.

பெரிய இணையதளம் ஒன்றின் அமைப்பும் இதுவே. அறிவிப்புகள், விளக்கங்கள், கால அட்டவணைகள் முதலியன திண்ணை. ஒருவருடைய கணக்கு, அவர் அனுப்பிய விண்ணப்பத்தின் நிலை, பணவிவரம் ஆகியவை உள்ளறை. இடையிலுள்ள நிலைவாசலே 'உள்நுழைக' என்னும் சிறு இணைப்பு. விரல்நுனி அளவேயான இச்சொல்லை எந்த மூலையில் வைத்தால் என்ன, இதற்கும் ஒரு பாடமா என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் தெருவில் தையற்காரர் ஒருவரின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உதவித்தொகையைப் புதுப்பிக்கத் தந்தையும் மகளுமாகக் கணினி மையத்துக்குச் சென்றார்கள். இணையதளத்தின் முகப்பில் 'புதிய பதிவு' என்பது பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பழைய மாணவர் உள்ளே செல்லும் வழியோ, அறிவிப்புகளுக்கெல்லாம் கீழே, அலுவலருக்கும் கல்லூரிகளுக்கும் உரிய வழிகளின் நடுவே கிடந்தது. அவள் மின்னியதைத் தொட்டாள். மீண்டும் ஒருமுறை புதியவளாகப் பதிவானாள். ஒருவர் பெயரில் இரண்டு பதிவுகள் இருப்பதாகக் கூறி விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அதைச் சரிசெய்வதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டுக் கட்டணத்துக்காகத் தாயாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அப்படியானால் கதவு எங்கே இருக்க வேண்டும்? இடமிருந்து வலமாக எழுதும் மொழிகளின் தளங்களில் மேல் வலது மூலையே வழக்கமாகிவிட்டது. விக்கிப்பீடியாவையும் அமேசானையும் திறந்து பாருங்கள், இரண்டிலும் அங்கேதான். அரபு விக்கிப்பீடியாவில் பக்கம் முழுவதும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, அவ்விணைப்பு இடது மூலைக்குச் சென்றுவிடுகிறது. மக்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மற்றவர்களுடைய தளங்களிலேயே செலவிடுகிறார்கள், ஆகவே உங்கள் தளமும் அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது ஜேக்கப் நீல்சன் என்னும் ஆய்வாளரின் கருத்து. ஆகையால் புதுமை செய்ய விரும்புவோர் வேறு இடத்தில் செய்யட்டும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். பக்கத்தின் மேலேயுள்ள வழிகாட்டிப் பட்டியலில் 'வரலாறு', 'துறைகள்', 'அறிவிப்புகள்' என்று இருப்பவை பொருள்பற்றிய வழிகள். 'உள்நுழைக' என்பது ஆள்பற்றிய வழி. இதை அவற்றோடு ஒன்றாகச் சேர்ப்பது, பாடவேளை அட்டவணையில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நடுவே 'வாசற்கதவு' என்று எழுதிவைப்பது போன்றது. மேலும், தேடுபொறி வழியே வருகிறவர் முகப்புக்கு வருவதில்லை. நேரே உள்பக்கம் ஒன்றில் வந்து இறங்குகிறார். அதனால் எல்லாப் பக்கங்களிலும் கதவு ஒரே இடத்தில் தெரிதல் வேண்டும். கைப்பேசியில் இடம் குறைவென்று பலர் இதை மூன்று கோடுகளுக்குள் ஒளித்துவிடுகிறார்கள். படிப்பதற்கான தளமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வங்கித் தளத்தில் அது பெரும் பிழை. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கதவைத் தேடித்தானே வருகிறார்கள்!

எங்கே என்பதைவிட எப்போது என்பது இன்னும் கடினமான கேள்வி. அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு பெரிய இணையக் கடையைப் பற்றிச் சொல்கிறார்; கடையின் பெயரை அவர் கூறவில்லை. பொருள்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போகும் வழியில், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும் படிவம் ஒன்று குறுக்கே நின்றது. முதன்முறை வந்தவர்கள், வாங்க வந்த இடத்தில் பதிவு எதற்கு என்று சினந்தார்கள். பழைய வாடிக்கையாளரும் எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்று நினைவின்றித் தவித்தார்கள். கடவுச்சொல்லை மறந்தோம் என்று நாள்தோறும் ஏறத்தாழ 1,60,000 கோரிக்கைகள் வந்தன. அவ்வாறு கேட்டவர்களில் 75 விழுக்காட்டினர் வாங்காமலே போய்விட்டார்கள். பிறகு 'பதிவு செய்க' என்ற பொத்தானை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்று வைத்து, வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்று இரண்டு வரி எழுதினார்கள். முதல் ஆண்டில் விற்பனை 30 கோடி டாலர் கூடியதாம். கதவை இடம் மாற்றவில்லை. திண்ணையில் இருந்தவரிடம் சாவி கேட்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2002-இல் தொடங்கிய இரயில்வே பயணச்சீட்டுத் தளத்தில், எந்த வண்டியில் இடமிருக்கிறது என்று பார்ப்பதற்கே முன்பு உள்நுழைய வேண்டியிருந்தது. 2018-இல் வந்த புதிய அமைப்பு, உள்நுழையாமலே வண்டிகளையும் இடங்களையும் பார்க்க வழிவிட்டது. சீட்டு எடுக்கும்போதுதான் கணக்கு.

சொற்களிலும் எச்சரிக்கை தேவை. தமிழ் விக்கிப்பீடியாவில் 'புகுபதிகை' என்னும் அழகிய சொல் வழங்குகிறது. ஆயினும் 'பதிவு', 'புகுபதிகை' இரண்டும் அருகருகே இருந்தால் அவசரத்தில் வருகிறவர் மயங்கக்கூடும். "ஏற்கெனவே கணக்கு உண்டு", "முதன்முறை வருகிறேன்" என்று எழுதினால் இடம் சற்றுக் கூடுதலாகும்; அந்தத் தையற்காரரின் மகள் தவறியிருக்க மாட்டாள். மாணவருக்கும் கல்லூரிக்கும் அலுவலருக்கும் தனித்தனிக் கதவுகள் இருந்தால் மூன்றையும் ஒரே இடத்தில், யாருக்கு எது என்று எழுதி வைக்கலாம். ஒரே கதவு வைத்து, உள்ளே வந்தவரை அவரவர் அறைக்கு அனுப்புவது அதனினும் நன்று.

உள்நுழைந்தபின் அதே மூலையில் நம் பெயரும், அதையடுத்து 'வெளியேறுக' என்பதும் தெரிய வேண்டும். பலர் பயன்படுத்தும் கணினி மையத்தில் இது மிகவும் முக்கியம். எந்தப் பக்கத்திலிருந்து கதவைத் தட்டினோமோ அந்தப் பக்கத்துக்கே நம்மைத் திரும்பக் கொண்டுவிடவும் வேண்டும். விக்கிப்பீடியா அவ்வாறே செய்கிறது.

பெற்றோருக்கும் ஒரு பயிற்சி. உங்கள் வங்கியின் தளத்தைத் திறந்து, வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ கொடுத்து, "கதவு எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். சொல்லித்தராதீர்கள். விரல் முதலில் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த உதவித்தொகைத் தளம் இன்னும் மாறவில்லை. இவ்வாண்டு புதுப்பித்தல் தொடங்கியவுடன் அப்பெண் அதன் முகப்பை நோட்டுத் தாளில் வரைந்து, அடியிலுள்ள அந்த இணைப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கணினி மையத்தின் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள்.