வேட்டைக்குக் கிளம்பும் மருமகனுக்கு

நோர்வூட்

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதிக்கொள்வது.  கொழும்பிலிருந்து தீபாவளி லீவுக்கு வரும்போது கூட்டாளிமாரோடு மேல் டிவிஷனுக்கு மேலேயுள்ள காட்டில் வேட்டை பழகப் போவதாக மருமகன் போனில் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதோடு, போனில் எதைச் சொன்னாலும் மருமகனின் பதில் "சரி மாமா" என்பதுதான். கடிதமென்றால் ஒரு தடவையாவது கடைசி வரை வாசிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. கனடாவில் இருக்கும் சொந்தக்காரப் பையன் முயலைச் சுட்டுக் காதைப் பிடித்துத் தூக்கி நிற்கும் படம் குடும்ப வட்ஸ்அப்பில் வந்தது. படத்துக்கு முன்னால் நடந்தது படத்தில் இல்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் புதிதாக வேட்டைக்குப் போகிறவன் முதலில் வேட்டைக் கல்வி வகுப்பில் உட்கார்ந்து பரீட்சையில் பாஸாக வேண்டும். துவக்கு வைத்திருக்க வேறொரு வகுப்பு, வேறொரு லைசன்ஸ். அதற்குப் பிறகு மாகாண அரசின் அட்டை. அட்டையின்மேல், முயல் போன்ற சின்ன உருப்படிகளுக்கென்று தனி அனுமதி. எந்த மாதம் எதைச் சுடலாம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதெல்லாம் அச்சடித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நோர்வேயிலும் ஜெர்மனியிலும்கூடப் பரீட்சை எழுதாமல் ஒருவன் வேட்டைக்காரன் ஆக முடியாது. அமெரிக்காவில் 1937இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, துவக்கிலும் தோட்டாவிலும் வசூலாகும் வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கே ஒதுக்கினார்கள். ஆக, அங்கே சுடுகிறவன் காட்டுக்குக் காசு கட்டிவிட்டுத்தான் சுடுகிறான்.

அதே 1937இல் இலங்கையில் வந்ததுதான் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. மரை, கேளையாடு, சருகுமான், சிறுத்தை எதையும் எங்கேயும் தொடக்கூடாது. காட்டுக்கோழி இந்த நாட்டின் தேசியப் பறவை, உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம், அதையும் தொடக்கூடாது.

"பொதுக் காடுதானே மாமா" என்றார் மருமகன். எந்தக் காடு என்று பார்க்க வேண்டும். மஸ்கெலியா, நல்லதண்ணி, பொகவந்தலாவை என்று மூன்று பக்கமும் மலை முகட்டில் கறுப்பாகத் தெரிகிற காட்டின் பெரும்பகுதி சிவனொளிபாதமலைக் காட்டோடு சேர்ந்தது. அது 1940இல் சரணாலயமானது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலையோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. சரணாலயத்துக்கு வெளியே மிஞ்சும் அரச காடுகளுக்கு 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒதுக்குக் காட்டில் வேட்டையும் கண்ணியும் அதன்படி குற்றம். மீதி இருப்பது தோட்டக் கம்பெனி விறகுக்காக வைத்த யூக்கலிப்டஸ் காடு. அது பொதுக் காடு இல்லை. துவக்கு விஷயத்தில் 1916இன் சட்டம் வேறு நிற்கிறது: லைசன்ஸ் இல்லாத துவக்கைக் கையில் பிடித்திருந்தாலே வழக்கு, சுட்டிருக்க வேண்டும் என்றில்லை. கூட்டாளி ஒருவர் "நாட்டுத் துவக்கு ஒன்று ஏற்பாடு பண்ணலாம்" என்று சொன்னாராம். அந்தக் கூட்டாளியின் வீட்டுக்கு மருமகன் தீபாவளிப் பலகாரம் சாப்பிட மட்டும் போனால் போதும்.

வேட்டை இந்த மலைக்குப் புதிதில்லை. அந்தக் கதை மருமகனுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் காடு ஏன் இப்படி முகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் அதில் இருக்கிறது.

மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி பதுளைப் பக்கம் இருந்தார். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையையும் இடி விடவில்லை என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, யானைகளுக்காக யாராவது அதைக் கட்டியிருந்தால் நல்ல காரியம். அவர் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொன்ற யானைக்குத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அந்தச் சன்மானம் கேட்கப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். அவர் அரசாங்கத்தின் காலனித்துவச் செயலாளராக இருந்தவர், கணக்கை அறிந்தவர்.

பிறகு சாமுவேல் பேக்கர். நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போனவர் என்று உலகம் அறியும். அதற்கு முன் நுவரெலியாவில் குடியிருந்து, வேட்டைநாய்க் கூட்டம் ஒன்றை வளர்த்து, ஹோர்ட்டன் சமவெளி வரை மரை துரத்தியவர். நாய்கள் மரையை ஓடைக்குள் இறக்கி மடக்கும். இவர் கத்தியோடு இறங்கிக் குத்துவார். அந்த அனுபவத்தை 1850களில் இரண்டு புத்தகமாக எழுதினார். அவற்றில் நாய் பார்க்கும் பையன்களும் சுமை தூக்கும் கூலிகளும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். பெயரோடு வருவது பெரும்பாலும் நாய்கள்தான். ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஆட்கள் டிக்கட் காட்டிவிட்டுப் பார்க்கிற ஃபார் இன் கட்டடமும் வேட்டைக்காரர் தங்கிய பங்களாதான். தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர் அதில் நிற்கிறது. சமவெளியில் யானை இன்று ஒன்றுகூட இல்லை. மரை மட்டும் பிழைத்துப் பெருகி, வண்டி நிறுத்தும் இடத்துக்கே வந்து ஆட்களின் கையைப் பார்க்கிறது.

மிருகங்களை அழித்தது துவக்கு மட்டுமில்லை. கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் பள்ளத்தாக்கு முழுதும் வெட்டி எரிக்கப்பட்டது. 1873இல் ஐந்தாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று, கியூ தோட்டத்து ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, தடை வந்தது. அந்தத் தடை இல்லாவிட்டால் முகட்டிலும் கொழுந்துதான் இருந்திருக்கும்.

கடைசியில் பயந்தவர்கள் வேட்டைக்காரர்களே. சுட ஒன்றும் மிஞ்சாது என்று கண்டு 1894இல் தோட்டத்துரைமாரும் மற்ற வேட்டைப் பிரியர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று வனஜீவராசிகளுக்காக வழக்குப் போடுகிற, அறிக்கை விடுகிற பழைய சங்கம் அதுதான். அவர்கள் தொடங்கியது தங்கள் விளையாட்டைக் காப்பாற்ற. அதில் ஏழை வேட்டைக்காரன் மீது குற்றம் சாட்டும் குரலும் இருந்தது. மாமாவுக்கு அது பிடிக்காது. ஆனாலும் அவர்கள் கேட்ட சட்டங்களின் நிழலில்தான் மரை மிஞ்சியது என்பதை மறுக்க முடியவில்லை.

இனி நம் காலத்துக்கு வரலாம். நம் தோட்டங்களில் வேட்டை என்றால் இப்போது துவக்கு இல்லை, கம்பி. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளோ பிரேக் கேபிளோ ஒன்று போதும். ஒரு முனையை வளைத்துச் சுருக்குப் போட்டு, மறு முனையைத் தேயிலைத் தூரிலோ மரத்திலோ இறுக்கி, பன்றி நுழைகிற தடத்தில் அதன் தலை உயரத்துக்குத் தொங்கவிடுவார்கள். வைத்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்குவான். மாட்டியது முன்னால் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும், பின்வாங்கினாலும் தளராது.

பன்றி போகிற தடம் பன்றிக்கு மட்டும் சொந்தமில்லை. முள்ளம்பன்றி, கேளையாடு, வீட்டு நாய், இவற்றையெல்லாம் தேடி வருகிற சிறுத்தை எல்லாவற்றுக்கும் அதே வழிதான். 2020 மே 26ஆம் திகதி, ஊரடங்கு நேரம், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியில் பன்றிக்கு வைத்த கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து இறுகிக் கிடந்தது. ஆண்; நாட்டிலேயே மிக அரிதாகக் காணப்படுகிற நிறம். நல்லதண்ணி வனஜீவராசிகள் அலுவலகத்தார் வந்து, மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி செத்துப்போனது. கம்பியிலிருந்து உயிரோடு எடுத்தால் பிழைத்துவிடும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். பல மணி நேரம் இழுத்துப் போராடிய உடம்பில் காயம் வெளியே தெரிவதைவிட உள்ளேதான் அதிகம்.

பன்றியைப் பற்றி மருமகன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் நட்ட கிழங்கை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. தோட்டச் சம்பளத்தோடு அந்தப் பாத்தி வருமானத்தையும் நம்பியிருக்கிறவனுக்குச் சிறுத்தையின் அருமையைப் போதித்துப் பிரயோசனமில்லை. சட்டமும் பன்றியை மரையோடும் சிறுத்தையோடும் ஒரே வரிசையில் வைக்கவில்லை. ஆனால் கம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மாமாவின் பாத்தியைச் சுற்றிப் பழைய கூரைத் தகரம் நிற்கிறது, அடி விளிம்பு அரை அடி மண்ணுக்குள். பார்க்க அசிங்கம். முள்ளம்பன்றி வந்து முட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டாரும் இப்போது தகரம் தேடுகிறார்கள். லைன் கரண்டை வேலிக்குக் கொடுப்பதைப் பற்றி யாராவது பேசினால் மருமகன் அந்த இடத்தைவிட்டு எழுந்து வர வேண்டும். அதில் செத்தவர்களில் மனிதர்களும் உண்டு.

சரி, ஆசைக்கு என்ன வழி? காட்டுக்குள் போய் ஒரு மிருகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற ஆசை பொல்லாத ஆசை இல்லை. வேட்டைப் பழக்கத்தில் முக்கால் பங்கு காலடி பார்ப்பதுதான், சுடுவது கடைசி ஒரு நொடி. அந்த முக்கால் பங்கை இங்கே தாராளமாகப் பழகலாம், அதற்குக் காட்டுக்குள் நுழையவும் வேண்டாம். தேயிலை மலையின் ஓரத்தில், காட்டை ஒட்டிய வண்டிப் பாதையே போதும். தீபாவளிக் காலத்தில் பின்னேர மழை பெய்யும். விடியும்போது மண் ஈரமாக, புதுச் சிலேட்டு மாதிரி இருக்கும்.

பன்றியின் குளம்படிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் அகன்று, இரண்டு சின்னப் பள்ளம் பதியும். மரையின் அடி அதைவிடப் பெரிது, நீளம். கெட்டி மண்ணில் மரைக்கு அந்தப் பின்பள்ளம் விழாது. உருண்டையாக, நான்கு விரலும் ஒரு பெரிய மெத்தையும் பதிந்து, நகக்குறி இல்லாமல் இருந்தால் சிறுத்தை. நகக்குறி தெரிந்தால் நாய். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கிற ஜாதி. முன்னங்கால் அடியின்மேல் பின்னங்கால் அடி விழுந்திருந்தால் அது அவசரமில்லாமல் நடந்திருக்கிறது. மானாப்புல்லுக்குள் கேளையாடு குரைத்தால் கொழும்பிலிருந்து வந்தவன் நாயென்று நினைப்பான். ஒரே சுருதியில், இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப அதே குரைப்பு வந்தால் நின்று கேட்க வேண்டும். எதையோ கண்டு பயந்துதான் அது குரைக்கிறது.

இந்த வித்தைக்கு வேலையும் உண்டு. டன்கெல்ட் தோட்டத்தில் அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் என்ற ஆய்வாளர்களின் நிலையம் இருக்கிறது. மிருகத் தடங்களில் தானியங்கிக் கமரா கட்டி, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் வாழ்கிற சிறுத்தைகளைப் புள்ளியை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு கணக்கெடுக்கிறார்கள். கைரேகைபோல ஒரு சிறுத்தையின் புள்ளி இன்னொன்றுக்கு வராது. ஒரே சிறுத்தையின் இடது பக்கமும் வலது பக்கமும்கூட வேறு வேறு. எந்த இடத்தில் கமராவைக் கட்டினால் படம் விழும் என்று சொல்ல, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுடைய கண் தேவை. கொழும்புக் கடையில் பில் போடுகிற வேலையைக் குறை சொல்வதாக மருமகன் நினைக்க வேண்டாம். இப்படியும் ஒரு தொழில் பத்து மைல் சுற்றளவுக்குள் இருக்கிறது என்பது காதில் விழுந்திருக்கட்டும்.

தடத்தில் கம்பி கண்டால் முதலில் போனில் ஒரு படம், இடத்துக்கு ஒரு அடையாளம். மிருகம் மாட்டியிருந்தால் கிட்டப் போகக்கூடாது. கம்பி அறுந்தால் முதல் பாய்ச்சல் பக்கத்தில் நிற்கிறவன் மேல்தான். ஆட்களைக் கூட்டிக் கூச்சல் போடுவதும் கூடாது, மிருகம் இன்னும் இழுக்கும், இன்னும் இறுகும். தூரமாக வந்து 1992 என்ற வனஜீவராசிகள் திணைக்கள இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். கம்பி வைத்தவர் தெரிந்த ஆளாக இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். அந்தச் சங்கடத்தை மாமா பார்த்துக்கொள்வார்; பெயர் சொல்லும் பொறுப்பு மருமகனுடையது இல்லை.

வரும் வழியில் புறக்கோட்டையில் பழைய பைனாகுலர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் பார்த்து வாங்கி வரவும். இரண்டு கண்ணிலும் ஒரே அளவு தெளிவு இருக்கிறதா என்று கடையிலேயே தூரத்துப் போர்டொன்றைப் பார்த்துச் சோதிக்க வேண்டும். முழங்கால் வரை வருகிற தடித்த காலுறை இரண்டு சோடி. அட்டைக்குத் தடவச் சவர்க்காரம் இங்கேயே இருக்கிறது. கூட்டாளிமாரில் காலை ஐந்தரைக்கு எழும்பக்கூடியவர் யாரென்று பார்த்து அவரை மட்டும் கூட்டி வந்தால் நல்லது. மற்றவர்கள் பலகாரத்துக்கு வரட்டும்.

இப்படிக்கு,
அன்புடன் மாமா