மூலை கத்தியில் இல்லை

மைசூரு தேவராஜ மார்க்கெட் பக்கம் போனால் மைசூர்பாகு வாங்காமல் திரும்புவோர் குறைவு. வாயில் போடுமுன் துண்டின் மூலையைக் கொஞ்சம் பாருங்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் (ஆட்சி 1894–1940) அரண்மனைச் சமையலறையில் காகாசுர மாதப்பா கிளறியதாகச் சொல்லப்படும் இனிப்பு அது. தட்டில் கொட்டியது இறுகத் தொடங்கும்போது, சூடு போகுமுன் கத்தியால் கோடு போடுவார்கள். அவசரப்பட்டால் கோடு மூடிக்கொள்ளும். அசந்துவிட்டால் துண்டு உதிரும். கத்தியை விட வேளைதான் அங்கே முக்கியம்.

அதே ஊரில் பிறந்தநாளுக்குச் சதுர கேக் செய்கிறவர்கள் இதை மறந்துவிட்டு, மூலை உருண்டு போனதற்குத் தங்கள் கையை நொந்துகொள்கிறார்கள். கை மீது குற்றமில்லை. சில நம்பிக்கைகள் மீதுதான்.

நம்பிக்கை: வட்ட கேக்குக்குக் க்ரீம் பூசத் தெரிந்தால் சதுரமும் அதே வேலைதான்.

உண்மை: வட்டத்துக்கு ஸ்க்ரேப்பரை ஓரிடத்தில் பிடித்துச் சுழல்மேசையைத் திருப்பினால் போதும். சதுரத்தில் அப்படிச் செய்தால் மூலையில் இருக்கும் க்ரீம் முழுவதும் வழிந்து வந்துவிடும். நான்கு பக்கங்களையும் நான்கு தனிச் சுவர்களாக நினையுங்கள். நடுவிலிருந்து மூலைக்குத் தள்ளி, மூலையைத் தாண்டிக் கொஞ்சம் க்ரீம் நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். எதிரெதிரான இரண்டு பக்கங்களை முதலில் முடித்து, ஃபிரிட்ஜில் இறுகவைத்து, நீட்டியதைச் சீவிவிட்டு மற்ற இரண்டுக்கு வாருங்கள். மேலே எழும்பி நிற்கும் வரப்பை வெளியிலிருந்து நடுவை நோக்கி வழியுங்கள்.

க்ரீம் கணக்கும் மாறும். 8 அங்குல வட்டத்தின் மேற்பரப்பு சுமார் 50 சதுர அங்குலம். 8 அங்குலச் சதுரத்துக்கு 64. கால் பங்குக்கு மேல் கூடுதல். ஏறக்குறைய 9 அங்குல வட்டத்துக்குத் தேவையான அளவு.

நம்பிக்கை: கேக் கோணலாக இருந்தாலும் ஐசிங் மறைத்துவிடும்.

உண்மை: பள்ளத்தை நிரப்பத் தடிமனாக அப்பிய க்ரீம் தன் கனத்திலேயே சரியும். மூலை வளைந்த டின்னில் வெந்த கேக்குக்கு மூலையே கிடையாது. அதைக் க்ரீமால் கட்டி எழுப்ப முடியாது. நேர்ச் சுவரும் கூர் மூலையும் உள்ள டின் வாங்குங்கள். கேக்கை ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ரம்பப் பல் கத்தியால் புடைப்பையும் ஓரங்களையும் சீவுங்கள். சூடான கேக் நொறுங்கும். அடிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்தால் சமதளம் இலவசம். பிறகு கேக் துகள்களைப் பிடித்துவைக்க மெல்லியதாக ஒரு முதல் பூச்சு (கிரம்ப் கோட்) பூசி, அது இறுகிய பின்பே முழுப் பூச்சு.

நம்பிக்கை: மைசூரு குளுகுளு ஊர், வெண்ணெய் இங்கே இளகாது.

உண்மை: சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்தான், மாலைக்காற்றும் சுகம்தான். ஆனால் ஏப்ரல் மதியம் வெயில் 35 டிகிரியை எட்டும். வெண்ணெய் அடிப்பதற்கு ஏற்ற வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸ். 32–35 டிகிரியில் உருகியே விடும். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் ‘அறை வெப்பநிலை’ நம் வீட்டு அறையைச் சொல்லவில்லை. கோடையில் விடிகாலையிலோ இரவிலோ பூசுங்கள்.

நம்பிக்கை: க்ரீம் தளர்ந்தால் இன்னும் ஐசிங் சுகர் கொட்ட வேண்டும்.

உண்மை: பட்டர் க்ரீமுக்கு உறுதி தருவது இறுகிய கொழுப்பு. சர்க்கரையைக் கூட்டினால் தித்திப்பு திகட்டும், பூச்சு வறண்டு இழுபடும். கிண்ணத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடித்துப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து அடித்தால் காற்றுக் குமிழ்கள் உடையும். பூச்சில் குழி குழியாகத் தெரிவது பெரும்பாலும் இந்தக் குமிழ்களால்தான்.

நம்பிக்கை: கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமை நேரம் கூட்டி அடித்தால் கெட்டியாக நிற்கும்.

உண்மை: நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான். அடித்து நிற்க 30 சதவீதமாவது வேண்டும். விப்பிங் க்ரீம் என்று போட்டிருப்பதை வாங்கி, நன்றாகக் குளிரவைத்து அடியுங்கள். அதையும் அளவு மீறி அடித்தால் சொரசொரப்பாகிவிடும்.

நம்பிக்கை: வெந்நீரில் தோய்த்த கத்தி எல்லாவற்றையும் வழவழப்பாக்கும்.

உண்மை: பாதி சரி. குளிர்ந்து இறுகிய பட்டர் க்ரீம் மீது, சூடேற்றி ஈரம் துடைத்த கத்தியால் ஒரே இழுப்பு இழுத்தால் பளபளக்கும். இளகிய க்ரீம் மீதோ அடித்த விப்பிங் க்ரீம் மீதோ வைத்தால் உருகும். துடைக்காமல் வைத்தால் நீர்த்துளி சர்க்கரையைக் கரைத்துத் தழும்பு போடும்.

மைசூர்பாகு சூட்டில் மூலை பெறுகிறது. கேக் குளிரில் பெறுகிறது. புது ஸ்க்ரேப்பர் வாங்கக் கடைக்கு ஓடுமுன், தோசை மாவுப் பாத்திரத்தை நகர்த்தி ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். கூர் மூலைக்கு முதல் கருவி அதுதான்.